நைட் ஷிப்ட் வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 42, பட்டர்வொர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர் வேலை. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி நேரம், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. அம்மாவுக்கு இனிப்புநீர், இப்போது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். போன மாதம் கிளினிக்கில் எனக்கு இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை) 6.0 என்று வந்தது, எடையைக் குறைக்கச் சொன்னார்கள். எத்தனையோ முறை தொடங்கிவிட்டேன் மேடம். ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினேன். கூட வேலை செய்கிறவர் விற்ற ஷேக் குடித்து ஏழு கிலோ குறைத்தேன், அடுத்த ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. எதைத் தொடங்கினாலும் இரண்டு வாரம் நன்றாகப் போகும், மூன்றாவது வாரம் விட்டுவிடுவேன். தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் விரதம் இருந்து பால்குடம் எடுக்கிற எனக்கு இதில் மட்டும் ஏன் மன உறுதி இல்லை என்று தெரியவில்லை. இந்தத் தீபாவளிக்குள் 55 கிலோவுக்கு வர வேண்டும். விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, உங்கள் வேலை அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் எப்போது தொடங்குகிறீர்கள்? பகல் ஷிப்ட் வந்ததும் "சரி, இனிமேல் ஒழுங்காக இருக்கலாம்" என்று தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரவு வேலை பார்க்கும் வாரத்தில் யாருக்கும் புதிதாக எதையும் தொடங்கத் தோன்றாது. அப்படித் தொடங்கினால் மூன்றாவது வாரம் என்பது என்ன? நைட் ஷிப்ட்டின் முதல் வாரம். உங்கள் திட்டம் பகலுக்காகப் போட்ட திட்டம். காலையில் எழுந்து ஓட்ஸ், மதியம் வீட்டுச் சாப்பாடு, சாயந்திரம் நடை, ஏழு மணிக்குள் இரவு உணவு. இரவு ஏழு மணிக்கு லைனில் நிற்கிற ஒருவருக்கு இதில் எந்த வரி பொருந்தும்? அது நின்றுபோனதற்கு உங்கள் மன உறுதியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பினாங்கில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் தொழிற்சாலை வேலை பார்க்கும் பெண்கள் நிறைய பேர். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். எல்லாரும் தங்களுக்கு நல்லபடியாகப் போகிற வாரத்தை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறார்கள், கெட்ட வாரம் வந்ததும் திட்டம் உடைகிறது, உடைந்ததற்குத் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள், திட்டிக்கொண்ட கோபத்தில் மூன்று மாதம் எதையும் செய்யாமல் இருக்கிறார்கள். ஒரு வாரம் சறுக்கியதால் உடம்புக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டம் அந்த மூன்று மாதத்தில்தான் வருகிறது. ஆகவே "எப்படி விடாமல் இருப்பது" என்ற உங்கள் கேள்வியை, "விட்டுப்போனால் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவது" என்று மாற்றிக் கேட்டால் நான் பயனுள்ள பதில் சொல்ல முடியும்.

அதற்கு முன்னால் தைப்பூச விரதத்தைப் பற்றிப் பேச வேண்டும், நீங்களே அதை எழுதியது நல்லதாகப் போயிற்று. தை மாதத்திலும் உங்களுக்கு நைட் ஷிப்ட் வரத்தானே செய்கிறது? கண்டீனில் கோழி வறுவல் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் நாசி லெமாக்கைப் பிரிப்பார், நீங்கள் தொடுவதில்லை. அந்த நாட்களில் உங்களுக்குப் புதிதாக மன உறுதி வந்து, பூசம் முடிந்ததும் போய்விடுகிறதா? நான் அப்படி நம்பவில்லை. விரதத்தில் விதி தெளிவாக இருக்கிறது: அசைவம் இல்லை, அவ்வளவுதான், ஒவ்வொரு வேளையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் தனிப் பாத்திரம் ஒதுக்குகிறார்கள், பல வீடுகளில் குடும்பமே சேர்ந்து சைவத்துக்கு மாறிவிடுகிறது. கூட வேலை செய்யும் சீன, மலாய்த் தோழிகளுக்குக்கூட நீங்கள் விரதம் என்று தெரியும், யாரும் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்துவதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறும்போது பக்கத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆக, தெளிவான விதி, வீட்டாரின் ஒத்துழைப்பு, எல்லாருக்கும் தெரிந்திருப்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் உங்களைத் தாங்குகின்றன. எடை குறைக்கும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் சொல்லாமல், வீட்டில் வழக்கம் போலச் சமையல் நடக்க, பத்துப் பதினைந்து விதிகளைத் தலையில் சுமந்துகொண்டு தனியாகப் போராடுகிறீர்கள்.

விரதத்தில் நமக்கு உதவாத ஒரு பகுதியும் உண்டு. அதற்கு முடிவு நாள் இருக்கிறது. பால்குடம் இறக்கி, மறுநாள் ஆட்டிறைச்சி வாங்கிவிடலாம். நீங்கள் குடித்த ஷேக்கும் அப்படித்தான், முடிவு நாள் உள்ள ஒரு காரியம். நின்றதும் எடை ஏறியதற்கு உங்கள் நாக்கை மட்டும் குறை சொல்லாதீர்கள். மெல்பர்னில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வேகமாக எடை குறைத்தவர்களின் இரத்தத்தில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருடம் கழிந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குறைந்த எடையைத் திரும்பப் பெற உடம்பு முயற்சி செய்துகொண்டே இருக்கிறது. அதோடு, உடற்பயிற்சி இல்லாமல், புரதம் போதாமல் வேகமாகக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பாக வருகிறது. ஏழு போய் ஒன்பது வந்த கணக்கு இதுதான்.

இப்போது அந்த 55 கிலோ. உங்கள் உயரத்துக்கு 79 கிலோ என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் எண், 31.6. மலேசியாவில் ஆசிய உடல்வாகுக்கு ஏற்ற அளவுகோல்தான் வைத்திருக்கிறார்கள், 23-க்கு மேல் அதிக எடை, 27.5-க்கு மேல் உடல் பருமன். கிளினிக்கில் சொன்னது சரி, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் தீபாவளிக்குள் 24 கிலோ என்ற குறி உங்களைத் தோற்கடிப்பதற்காகவே வைத்தது போல இருக்கிறது. ஐந்து கிலோ குறைந்திருக்கும்போதுகூட "இன்னும் பத்தொன்பது இருக்கிறதே" என்றுதான் மனம் சொல்லும், விட்டுவிடத் தோன்றும்.

உங்களுக்கு நான் வைக்கும் குறி ஐந்தரை கிலோ. குறைவாகத் தெரியலாம். காரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் உங்களைப் போல இனிப்புநீர் வரும் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு குழுவுக்குக் கொடுத்த குறி, உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பதும் மட்டுமே. ஏறக்குறைய மூன்று வருடத்தில் அந்தக் குழுவில் இனிப்புநீர் வருவது 58 விழுக்காடு குறைந்தது. உங்கள் எடையில் 7 விழுக்காடு என்றால் அந்த ஐந்தரை கிலோதான். நான் இந்த ஆய்வை எல்லாருக்கும் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள், பத்து வருடத்தில் பலருக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. அப்படியும் அந்தக் குழுவில் இனிப்புநீர் 34 விழுக்காடு குறைவாகவே இருந்தது. கொஞ்சம் ஏறினால் எல்லாம் வீண் என்று நினைக்கிறீர்களே, அது உண்மையில்லை. நீங்கள் நல்லபடியாக இருந்த ஒவ்வொரு மாதமும் உடம்பில் கணக்கில் சேர்கிறது.

உங்கள் எச்பிஏ1சி 6.0, இங்கே 6.3-ஐத் தொட்டால் இனிப்புநீர் என்று சொல்வார்கள். நீங்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். அம்மா டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மகளுக்குத் தீபாவளிப் புடவையைவிடப் பெரிய காரணம் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். அதைத்தான் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டச் சொல்வேன், 55 என்ற எண்ணை அல்ல.

சரி, திட்டத்துக்கு வருவோம். உங்களுக்கு இரண்டு திட்டம் வேண்டும், ஒன்று பகல் ஷிப்ட்டுக்கு, ஒன்று இரவு ஷிப்ட்டுக்கு. பகல் திட்டத்தில் எடை குறையும். இரவுத் திட்டத்தில் எடை ஏறாமல் நின்றால் போதும், அந்த இரண்டு வாரத்தில் குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். இதை ஏற்றுக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இரவுத் திட்டத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உடைவது அங்கேதான். கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன், மாலை ஐந்து மணி வாக்கில், அன்றைய பெரிய சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் தட்டு முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கிளினிக் சுவரில் படம் இருக்கும்: அரைத் தட்டு காயும் பழமும், கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால் தட்டு சோறு. நடு இரவு இடைவேளைக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா. இரண்டு அவித்த முட்டை, அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யா. கண்டீனில் அந்த நேரத்தில் கிடைப்பது பெரும்பாலும் மீ கோரெங்கும் வறுத்த சோறும்தான், பசியோடு அதன் முன்னால் நின்றால் யாராலும் மறுக்க முடியாது, அதனால் பசியோடு போய் நிற்காமல் இருப்பதுதான் வழி. இரவில் நம் உடம்பு சர்க்கரையைக் கையாள்வது பகலைவிட மந்தமாக இருக்கும், அதே சோறு அதிகாலை மூன்று மணிக்கு இரத்தத்தில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். நடு இரவுச் சாப்பாட்டைச் சிறியதாக வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அப்புறம் குடிப்பது. தூக்கத்தை விரட்ட ஒரு ஷிப்ட்டில் எத்தனை பாக்கெட் காப்பி, எத்தனை கிளாஸ் தே தாரிக் (கட்டிப்பால் தேநீர்) என்று ஒரு நாள் மட்டும் எண்ணிப் பாருங்கள். கட்டிப்பாலில் பாதிக்கு மேல் சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் இருபது கிராம் சீனிக்கு மேல் உள்ளே போகிறது, அதற்கு மேல் தனியாகச் சீனி போட்டால் அது வேறு. ஒரு கிளாஸ் தே தாரிக்கில் இருக்கும் கலோரியை எரிக்க உங்கள் எடைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் நடக்க வேண்டும். தேநீரை விடச் சொல்லவில்லை. மாமாக் கடையில் தே சி கோசோங் கேளுங்கள், பால் இருக்கும், சீனி இருக்காது. முதல் ஒரு வாரம் வாயில் வைக்கப் பிடிக்காது, அதனால் முதலில் குராங் மானிஸ் (சீனி குறைவாக), பத்து நாள் கழித்துக் கோசோங் என்று இறங்கலாம். உணவில் வேறு எதையும் மாற்றாமல் இந்த ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கே எடை இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதிகாலை ஒரு மணிக்கு மேல் காப்பியும் தேநீரும் வேண்டாம், காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது.

தூக்கத்தைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். சிக்காகோவில் செய்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை அதிகமுள்ள இளம் வயதினரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். டயட் எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே தினம் சராசரியாக 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆக, நைட் ஷிப்ட் முடிந்து பாலத்தைக் கடந்து வந்ததும் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, துணி துவைத்து, மார்க்கெட் போய், பதினொரு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட எழுகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒரு ரொட்டி சானாய் குழம்பு இல்லாமலே ஏறக்குறைய 300 கலோரி. வீட்டில் இரண்டு இட்லியோ ஒரு முட்டையும் ரொட்டித் துண்டுமோ பசியாறிவிட்டு, எட்டரைக்குள் திரையை இழுத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். துணியும் மார்க்கெட்டும் அந்த இரண்டு வாரத்துக்கு வேறு யாராவது பார்க்கட்டும். இது சோம்பேறித்தனம் இல்லை, இது உங்கள் சிகிச்சையில் ஒரு பகுதி. நான் சொன்னதாகவே வீட்டில் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட்டில் உடற்பயிற்சி பத்தே நிமிடம். வேலைக்குக் கிளம்பும் முன் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருங்கள், சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு இன்னும் ஒரு சுற்று. முடிந்தது. இது போதுமா என்று கேட்பீர்கள். எடை குறைக்கப் போதாது, ஆனால் பழக்கம் அறுந்துபோகாமல் இருக்கப் போதும், பகல் வாரம் வரும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

பகல் வாரத்திலும் ஓய்வு நாட்களிலும்தான் நடை. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இலக்கு, முதல் மாதமே அங்கே போய் நிற்க வேண்டாம், அறுபதில் தொடங்கலாம். ஓய்வு நாளில் பந்தாய் பெர்சே கடற்கரை ஓரம், காலை ஏழரைக்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள். மாலையில் மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே இருபது நிமிடம் நடக்கலாம், அதுவும் நடைதான். வேலை நாளில் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் தொழிற்சாலையைச் சுற்றி ஒரு தோழியோடு. தோழி முக்கியம், அவர் காத்திருப்பார் என்பதற்காகவே நீங்கள் போவீர்கள். தண்ணீர்மலைப் படிகளை வாரம் ஒரு முறை ஏறினால் என்ன என்று தோன்றலாம், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போன மாதிரி ஆகும். ஏறுவது நல்லதுதான், 79 கிலோவோடு அத்தனை படி இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். இரண்டு மூன்று மாதம் நாற்காலிப் பயிற்சி செய்து தொடை பலப்பட்ட பிறகு, பாதியில் நின்று நின்று போங்கள். மார்பு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள், நீங்களும் அதை நம்பித்தான் மூன்றாவது வாரத்தில் மனம் உடைந்திருப்பீர்கள். லண்டனில் இதை உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்கள் ஷிப்ட் கணக்கில் பார்த்தால் இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் இன்னும் கஷ்டமாக இருப்பது இயற்கை.

விட்டுப்போனால் என்ன செய்வது என்பதை இப்போதே, நல்ல மனநிலையில் இருக்கும்போதே முடிவு செய்து வைக்க வேண்டும். "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்று மனதில் சொன்னால் நிற்காது, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று திட்டவட்டமாக வையுங்கள். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளை டப்பா சாப்பாடு, பட்டினி கிடையாது. மூன்று நாள் நடக்கவில்லை என்றால், நான்காவது நாள் பத்து நிமிடம், அரை மணி நேரம் அல்ல. எதுவுமே செய்யாமல் ஒரு முழு வாரம் போய்விட்டால், அடுத்த திங்கட்கிழமைக்கோ அடுத்த மாதம் முதல் தேதிக்கோ காத்திருக்காமல், நினைவு வந்த அந்த வேளையிலேயே தேநீரைக் கோசோங்காகக் கேளுங்கள், அந்த ஒரு கிளாஸ்தான் மறுதொடக்கம். எத்தனை முறை இப்படி நடந்தாலும் சரி. திரும்பி வர மூன்று மாதம் எடுத்துக்கொண்ட நீங்கள் மூன்று நாளில் திரும்பினால், என் கணக்கில் நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே நாள், காலையில் கழிவறை போய்விட்டு வந்த பிறகு. நைட் ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்ததும். முதல் இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கினால் பெரும்பகுதி தண்ணீர்தான், அப்புறம் நின்றுவிட்டது போலத் தெரியும், அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாதவிடாய்க்கு முன்னாலும், உப்பான சாப்பாட்டுக்கு மறுநாளும் ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டும், அது கொழுப்பு இல்லை. அதனால் ஒரு வார எண்ணைப் பார்த்து அழாமல், நான்கு வார எண்களைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு முழு ஷிப்ட் சுற்று. இடுப்பையும் மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள், நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது, எடை நின்ற மாதத்திலும் டேப்பில் குறைவு தெரியும். அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றியவர்களைப் பற்றி ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். இரண்டு கிலோ ஏறும்போதே கண்ணில் பட்டுவிட்டால் இறக்குவது எளிது, ஒன்பது ஏறிய பிறகுதான் கஷ்டம்.

ஜிம் பணம் போனது போனதுதான், ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டாம், இப்போது உங்களுக்கு அது தேவையில்லை. எடை குறைக்கும் காப்பி, மாத்திரை என்று அடுத்து யாராவது கொண்டுவருவார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் என்ற மருந்தை மறைத்துக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-ல் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது வேறு, உண்மையான மருந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும், சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. விலை அதிகம், நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. ஆறு மாதம் இந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் பேச வேண்டியதை மறந்துவிடாதீர்கள். விரதத்துக்கு ஒத்துழைக்கிற அதே குடும்பம்தானே, இதற்கும் ஒத்துழைக்கும், நீங்கள் கேட்க வேண்டும். "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "டாக்டர் எனக்கு இனிப்புநீர் வரப் போகிறது என்கிறார், அம்மா மாதிரி ஆகாமல் இருக்க எனக்கு உங்கள் உதவி வேண்டும்" என்று வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் நேராகச் சொல்லுங்கள். உதவி என்றால் என்ன என்பதையும் குறிப்பாகச் சொல்லிவிடுங்கள். குழம்பில் தேங்காய்ப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வீட்டில் இனிப்புப் பானப் புட்டி வேண்டாம், நைட் ஷிப்ட் வாரத்தில் காலை எட்டரையிலிருந்து மூன்று மணி வரை உங்கள் அறைக் கதவைத் தட்டக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதே சாப்பாடு நல்லதுதான், உங்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், தனிச் சமையல் ஒரு மாதத்துக்கு மேல் எந்த வீட்டிலும் ஓடாது.

தீபாவளி வரும், முறுக்கும் ஆட்டிறைச்சியும் சாப்பிடுங்கள். அந்த ஒரு நாளால் ஒன்றும் ஆகாது. பலகாரம் மிச்சமானால் மட்டும் மறுநாளே வேலையிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், இரண்டு வாரம் வீட்டில் டின்னில் இருப்பதுதான் பிரச்சினை.

அடுத்த முறை கிளினிக் போகும்போது உணவியல் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள், நிறைய அரசாங்கக் கிளினிக்குகளில் இருக்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கே போகலாம் என்று எழுதித் தருவார்கள், பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். உங்கள் ஷிப்ட் அட்டவணையைக் கையோடு கொண்டுபோங்கள், அதைக் காட்டாமல் வாங்கும் எந்த உணவுத் திட்டமும் மறுபடி பகலுக்காகப் போட்டதாகத்தான் இருக்கும். எச்பிஏ1சி-யை மறுபடி எப்போது பார்ப்பது என்று தேதி கேட்டு வாங்குங்கள். அடுத்த நைட் ஷிப்ட் தொடங்கும் முன் அந்த டப்பாவை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள். இந்த முறை முதல் நாளை நைட் ஷிப்ட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நான்கு வாரம் கழித்து நான்கு எடை எண்களோடு எனக்கு எழுதுங்கள், ஏறியிருந்தாலும் எழுதுங்கள், எந்த இடத்தில் சிக்குகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.